பிரசங்கத்தில் பாதி கேட்பவருடையது

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றின் கையில் ஒரு சிறு அட்டை இருக்கும். அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அதில் அச்சிட்டிருக்கும். மறுநாளே அது கூடத்துச் சுவரில் ஏறிவிடும். சில வீடுகளில் பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைப்பார்கள். டிசம்பரில் போய்க் கேட்டாலும் அந்த வசனத்தை வீட்டிலுள்ளவர்கள் பிசகாமல் சொல்வார்கள். அதே இரவில், அதே வசனத்தை வைத்து, முக்கால் மணி நேரம் நடந்த பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் 'நல்லாப் பேசினாங்க' என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது. வசனம் சிறியது, தினமும் கண்ணில் படுகிறது, அதனால் நிற்கிறது என்று சொல்லலாம். அது பாதிக் காரணம்தான். அட்டையை வாங்கிவந்த நாளிலிருந்தே குடும்பத்தார் அந்த வசனத்தைத் தங்கள் காரியங்களோடு பொருத்திப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மகனுக்கு வேலை கிடைக்குமா, அடகு வைத்த நகை மீளுமா, அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடியுமா என்று ஒவ்வொரு கவலையையும் அந்த ஒரு வரிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். வசனத்தைக் கொடுத்தது சபை. அதைப் பொருத்திப் பார்க்கும் வேலையைச் செய்தவர்கள் அவர்கள். பிரசங்கத்தில் அந்த வேலையையும் போதகரே செய்து முடித்துவிடுகிறார்.

சீர்திருத்தச் சபைகளில் பிரசங்கம் என்றும், கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை என்றும், பெந்தெகொஸ்தே சபைகளில் தேவசெய்தி என்றும் சொல்லப்படும் இந்த உரை, தமிழில் வாராவாரம் மிக அதிகம் பேர் உட்கார்ந்து கேட்கும் பேச்சு வகைகளில் ஒன்று. அது மனத்தில் நிற்பதில்லை என்ற குறை எழும்போதெல்லாம் சில மருந்துகள் உடனே வந்துவிடுகின்றன. நேரத்தைக் குறை, குரலை ஏற்றி இறக்கு, இடையிடையே சிரிக்க வை, திரையில் படம் காட்டு. இவை எதுவும் தவறில்லை. ஆனால் இவை எல்லாமே போதகர் இன்னும் என்ன செய்யலாம் என்று மட்டுமே யோசிக்கின்றன. கேட்பவருக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனதுதான் மூலக் குறை என்பது என் துணிபு. 1978-இல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இரு உளவியலாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஒரு குழுவுக்குச் சொல் இணைகளை முழுதாக வாசிக்கக் கொடுத்தார்கள். மற்றொரு குழுவுக்கு இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தை மட்டும் கொடுத்து, மீதியை அவர்களையே கண்டுபிடிக்க வைத்தார்கள். 'வேகம்' என்பதற்குப் பக்கத்தில் 'வி' என்று மட்டும் இருந்தால் நம் மனம் 'விரைவு' என்று நிரப்பிக்கொள்ளும் அல்லவா, அதுபோல. தாங்களே நிரப்பிய சொற்களைத்தான் மக்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஓரெழுத்து அளவுக்கான உழைப்பே இவ்வளவு செய்யும் என்றால், ஒரு கதையின் பொருளைத் தானே கண்டடைந்தவருக்கு அது எவ்வளவு ஆழமாகப் பதியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மேலைநாட்டு ஆய்வுக்கூடம் வரை போக வேண்டிய தேவைகூட இல்லை. பிரசங்கியார் கையில் இருக்கும் வேதாகமமே இந்த முறையில்தான் பேசுகிறது. தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைச் சாகக் கொடுத்த பிறகு, தீர்க்கதரிசி நாத்தான் அவனிடம் வருகிறார். நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. ஒரு பணக்காரன், ஓர் ஏழை, அந்த ஏழை பிள்ளைபோல வளர்த்த ஒரே ஓர் ஆட்டுக்குட்டி என்று ஒரு கதையைச் சொல்கிறார். அந்தக் குட்டி ஏழையின் தட்டில் உண்டது, அவன் மடியில் தூங்கியது. விருந்தாளி வந்ததும் பணக்காரன் தன் மந்தையை விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிடித்துச் சமைத்தான். கேட்டுக்கொண்டிருந்த தாவீது கொதித்துப்போய், அப்படிச் செய்தவன் சாக வேண்டியவன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். நாத்தானுக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. தீர்ப்பை எழுதியது தாவீதின் வாய். இயேசுவின் உவமைகளும் அப்படித்தான். நல்ல சமாரியன் கதை, மூவரில் யார் அயலானாக நடந்துகொண்டான் என்ற கேள்வியில் முடிகிறது. பதிலை, சோதிக்க வந்த நியாயசாஸ்திரியே சொல்ல வேண்டியிருக்கிறது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வரும் காணாமற்போன ஆடும் காணாமற்போன காசும் உங்களில் எவன், எந்தப் பெண் என்று கேள்வியாகவே தொடங்குகின்றன. கேட்டவர் மனத்துக்குள் 'ஆமாம், நானும் தேடத்தானே செய்வேன்' என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் உவமை வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

இந்தக் காசு உவமையையே எடுத்துக்கொள்வோம். மூன்றே மூன்று வசனங்கள். நம் சபைகளில் இதை வைத்துப் பேசும்போது பழகிப்போன ஒரு பாதை உண்டு. விளக்கு என்பது வேதவசனம், துடைப்பம் என்பது மனந்திரும்புதல், வீடு என்பது இருதயம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அர்த்தம் ஒட்டப்படும். பிறகு 'முதலாவதாக', 'இரண்டாவதாக', 'மூன்றாவதாக' என்று மூன்று தலைப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வசனங்கள் புரட்டப்படும். சங்கீதத்திலிருந்து ரோமருக்கும், ரோமரிலிருந்து ஏசாயாவுக்கும் ஓடி, பக்கம் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். அர்த்தங்கள் அத்தனையும் தயாராகக் கையில் கொடுக்கப்பட்டுவிட்டதால் கேட்பவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பெண்ணும் எங்கோ தொலைந்துபோகிறாள். உவமையில் காசு ஒன்றுதான் தொலைந்தது. பிரசங்கத்தில் பெண்ணும் சேர்ந்து தொலைகிறாள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அவளை நிறுத்திப் பார்ப்பது கடினமான காரியம் அல்ல. அந்தக் காலத்துப் பாலஸ்தீனத்து எளிய வீடு பகலிலும் இருட்டானது. வெளிச்சம் வர வழி குறைவு. அதனால்தான் காசைத் தேட விளக்கு வேண்டியிருக்கிறது. அந்த வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலிக்குச் சமம். பத்து இருந்தது, ஒன்பது ஆகிவிட்டது. நம்மூரில் கம்மலின் திருகாணி கழன்று விழுந்த வீட்டை நினைத்துக்கொண்டால் போதும். யாரும் நடக்காதீர்கள் என்று ஒரு குரல். பாய் உதறப்படுகிறது. ஃபோனில் இருக்கும் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, எங்காவது மின்னுகிறதா என்று கன்னம் தரையில் படுமளவு குனிந்து பார்க்கிறார்கள். பெருக்கிய குப்பையைக் கொட்டாமல் காகிதத்தில் பரப்பி, தலைமுடியையும் தூசியையும் விரலால் விலக்குகிறார்கள். போதகர் இவ்வளவையும் காட்டிவிட்டு, இந்த உவமையில் தேடுவது யார் என்று கேட்டு, சற்று நேரம் சும்மா இருந்தால் என்ன ஆகும்? தேடுபவர் கடவுள், அப்படியென்றால் தரையில் குனிந்திருப்பது கடவுள் என்ற எண்ணம் கேட்பவரின் மனத்தில் தானாக எழும். அது போதகர் சொன்னதாக இராது. அவரே கண்டதாக இருக்கும். பிறகு அவர் வீட்டில் எப்போது திருகாணி தொலைந்தாலும் அந்தப் பிரசங்கம் திரும்ப வரும்.

அதற்காக, எதையுமே சொல்லாமல் மூடுமந்திரமாகப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1972-இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் செய்த சோதனை இங்கே ஓர் எச்சரிக்கை. துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தி, ஆனால் துணி என்ற சொல்லே வராமல் எழுதப்பட்டது. பொருட்களைக் குழுவாகப் பிரிப்பது, ஒரே நேரத்தில் அதிகம் செய்யாமலிருப்பது என்று பொதுவாகப் போகும். எதைப் பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்து கேட்டவர்கள், தெரியாமல் கேட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விஷயங்களை நினைவுகூர்ந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது பயன் இல்லை. ஆகவே பதிலைத் தள்ளிப்போடலாம், கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் இரண்டு நிமிடத்துக்குள் இன்று எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டப்போகிறோம் என்று சபைக்குத் தெரிந்துவிட வேண்டும். ஜெபித்தும் வியாதி தீராதவரிடம் என்ன சொல்வது, ஏமாற்றிய அண்ணனோடு எப்படி ஒரே பந்தியில் உட்காருவது என்பது போன்ற ஒரே ஒரு கேள்வி. 'இன்று நாம் தியானிக்கப்போவது மன்னிப்பு' என்ற தொடக்கம் தலைப்பைத் தருகிறது, கேள்வியைத் தரவில்லை. அதனால்தான் அது காதைத் தாண்டுவதில்லை.

இப்படிக் கதையும் காட்சியுமாகப் போனால் பிரசங்க பீடம் மேடைக் கச்சேரி ஆகிவிடாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஹார்ப்பும் மேயரும் 1998-இல் மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தை வைத்துச் சோதித்தபோது, பாடத்துக்குத் தேவையில்லாத, ஆனால் சுவையான செய்திகளைச் சேர்த்ததும் முக்கியமான விஷயங்கள் நினைவில் நிற்பது குறைந்தது. பிரசங்கத்தின் நடுவே வரும் துணுக்கும், வெளிநாட்டுப் பயணக் கதையும், வாட்ஸ்ஆப்பில் வந்த உருக்கமான சம்பவமும் இதே கேட்டைத்தான் செய்கின்றன. ஜனங்கள் சிரித்ததை நினைவில் வைத்திருப்பார்கள். எதற்காகச் சிரித்தார்கள் என்பது மறந்திருக்கும். நாத்தானின் ஆட்டுக்குட்டி அப்படிப்பட்டது அல்ல. அதைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் செய்தியே இல்லை. ஓர் உதாரணத்தைப் பிரசங்கத்திலிருந்து உருவிப் பார்க்க வேண்டும். உருவிய பின்னும் பிரசங்கம் அசையாமல் நின்றால், அந்த உதாரணம் அங்கே வேண்டாம். எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வேண்டாம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பிரசங்கத்தைப் பயனுள்ளதாக்குவது தூய ஆவியானவர். அதில் உத்திகளைப் பேசுவது விசுவாசக் குறைவு என்பது. பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது சொல்வன்மையை நம்பி வரவில்லை என்கிறார் அல்லவா என்பார்கள். ஆனால் அதே பவுல், ஏதென்ஸ் நகரத்து அறிஞர்கள் முன்னால், அவர்கள் ஊரிலேயே பார்த்த பலிபீடம் ஒன்றிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார். ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த புனித அகுஸ்தினார் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்தவர். 'கிறிஸ்தவப் போதனை' என்ற நூலின் நான்காம் பகுதியை முழுக்கப் பிரசங்கத்துக்கே ஒதுக்கினார். பொய்யைப் பேசுபவர்கள் இனிக்கப் பேசும்போது உண்மையைப் பேசுபவர்கள் மட்டும் ஏன் தூக்கம் வரும்படி பேச வேண்டும் என்பது அவருடைய வாதம். அதே பகுதியில், கேட்பவர்களின் முகத்தையும் அசைவையும் கவனிக்கச் சொல்கிறார். புரிந்துவிட்டது என்று தெரியும்வரை அதே விஷயத்தைப் பல விதமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், புரிந்ததும் நகர்ந்துவிட வேண்டும், சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களால் இதைச் செய்ய முடியாது என்கிறார். புதிதாக விசுவாசத்துக்கு வருபவர்களுக்குக் கற்பிப்பது பற்றி 400-ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய இன்னொரு நூலில், கேட்பவர் கொட்டாவி விட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்திருக்கிறார். அப்போது அவர் பகுதியில் மக்கள் நின்றுகொண்டுதான் கேட்பார்கள். முதலில் உட்கார வைக்க வேண்டும் என்கிறார்; புரிகிறதா என்று கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஜெபத்தில் அவருக்குக் குறைந்த நம்பிக்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்பவரின் கால்வலியைக் கவனிப்பதும் அன்புதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நேரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. போப் பிரான்சிஸ் 2024 ஜூனில் மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அதற்குமேல் ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்றார். வழிபாட்டின் நடுவே வரும் மறையுரைக்கு அது நல்ல ஆலோசனை. ஆனால் மனிதரின் கவனம் இத்தனை நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்குக்கு உறுதியான சான்று இல்லை என்பதை வில்சனும் கார்னும் 2007-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். பட்டிமன்றத்தை மூன்று மணி நேரம் கேட்கும் ஜனங்கள்தான் நாமும். துரோவாவில் பவுல் நள்ளிரவுவரை பேசியபோது ஐத்திகு என்ற இளைஞன் தூங்கி மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. எல்லோரும் அவனை நினைவில் வைத்திருக்கிறோம். அவனை மேலே கொண்டுவந்த பிறகு விடியும்வரை பேச்சு தொடர்ந்தது, மற்றவர்கள் இருந்து கேட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

கேட்பவரைப் பங்காளியாக்கும் கலை தமிழுக்குப் புதியதே அல்ல. பாட்டி கதை சொல்லும்போது பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு சேதியைச் சொன்னால் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டு, 'அப்புறம் என்ன ஆச்சு' என்று நம் சார்பில் கேட்பார். இதை உணர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, 1864-இல் மறைந்த அவர், பெத்லகேம் குறவஞ்சியைத் தமிழர் ஏற்கெனவே ரசித்துக்கொண்டிருந்த குறவஞ்சி வடிவத்தில் எழுதினார். குறத்தி வந்தால் குறி சொல்வாள் என்று கேட்பவருக்குத் தெரியும்; தெரிந்த பாதையில் அவர்கள் ஓர் அடி முன்னே போய்க் காத்திருப்பார்கள். கதையும் பாட்டுமாக நடந்த அவருடைய காலட்சேபங்கள் சபையாரைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க விடவில்லை. அமெரிக்கக் கறுப்பினச் சபைகளிலும் இதே மரபு உயிரோடு இருக்கிறது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதிவைத்த உரையைப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார். கிங் எழுதியதை விட்டு விலகிப் பேசிய பகுதிதான் உலகம் நினைவில் வைத்திருக்கும் பகுதி. அவரும் ஒரு போதகர். சபையின் 'உம்' கேட்டுப் பழகியவர். நம் கூட்டங்களில் 'ஆமென் சொல்லுங்கள்', 'பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுங்கள்' என்று கேட்டு வாங்குவது இதற்கு ஈடாகாது. 'உம்' என்பது கேட்பவர் தானாகக் கொடுப்பது.

அப்படியானால் உபதேசம் என்ன ஆவது, கோட்பாட்டின் ஆழம் என்ன ஆவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரே ஞாயிற்றில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்தக் கவலை வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. தென்னிந்தியத் திருச்சபையிலும் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பொருளும் வேதபகுதியும் குறித்த அட்டவணை உண்டு. ஆழம் ஆண்டு முழுவதும் சேர்வது. தவிரவும், மார்ட்டின் லூத்தர் 1529-இல் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கச் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, இதற்கு அர்த்தம் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பதில் சொல்லும் வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். கோட்பாடும் கேள்வியும் பகையாளிகள் அல்ல. ஆழத்தைக் கெடுப்பது மொழி என்றுதான் சொல்வேன். 1871-இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் சபையாரின் நெஞ்சில் ஊறிய தமிழ், அதை வாசிக்கும்போது அப்படியே வாசிக்கட்டும். ஆனால் விளக்கும்போதும் 'கிருபாதார பலி', 'நீதிமானாக்கப்படுதல்' என்று அதே சொற்களாலேயே விளக்கினால் பூட்டுக்கு இன்னொரு பூட்டைப் போட்டதாகிறது. கடன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டதைப் போல என்று ஒருமுறை சொன்னால், கடன் வாங்கிய ஒவ்வொருவரும் மீதியைத் தாமே யோசித்துக்கொள்வார்.

பிரசங்கம் ஆலயத்தோடு முடிவதும் இல்லை. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டியபடி, ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்களைவிட, படித்ததை ஞாபகப்படுத்திச் சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நிலைமை நேர்மாறாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆலய வாசலில் கைகுலுக்கும்போது கிடைக்கும் பாராட்டு, ஐந்து நிமிடக் கணக்கு. ஞாயிறு மதியம் சாப்பிடும்போது 'இன்னைக்கு ஐயா என்ன பேசினாங்க?' என்று அம்மா பிள்ளைகளைக் கேட்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு; அது ஒரு வாரக் கணக்குக்கு உதவுவது. கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியக் கூட்டங்களும், மற்றச் சபைகளின் வீட்டு ஜெபக் கூட்டங்களும் புதிய செய்தி ஒன்றைத் தேடாமல், போன ஞாயிறு விட்டுவைத்த கேள்வியை எடுத்துப் பேசலாம். அதற்குப் போதகர் கேள்வி ஒன்றை விட்டுவைத்திருக்க வேண்டும்.

அதை விட்டுவைப்பதுதான் பீடத்தில் நிற்பவருக்கு மிகவும் கடினம். மௌனம் பயமாக இருக்கும். சரியாகப் புரிந்துகொண்டார்களோ இல்லையோ என்று மனம் அடித்துக்கொள்ளும். கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். லூக்கா 15-இல் காசுக்கு அடுத்து வரும் கெட்ட குமாரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பாட்டும் ஆட்டமும் கேட்கிறது. தம்பி உள்ளே விருந்தில் இருக்கிறான். வயலிலிருந்து வந்த அண்ணன் கோபத்தோடு வெளியே நிற்கிறான். அப்பா வெளியே வந்து அவனை வருந்திக் கூப்பிடுகிறார். கதை அங்கே நின்றுவிடுகிறது. அண்ணன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.